ஒரு கை பார்ப்பவர்

போன் கடையில் அவர் கேட்ட முதல் கேள்வியே, "இதைவிடப் பெருசு இல்லையா தம்பி?" என்பதுதான். 6.8 அங்குலத் திரை. கவரோடு சேர்த்தால் ஏறக்குறையக் கால் கிலோ. பெட்டியைப் பிரித்த கையோடு, "ஒரே கையில ஈஸியா யூஸ் பண்ணலாம்" என்று அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் அவருக்கு முழுநேர வேலை.

சுண்டுவிரல் அடியில் முட்டுக் கொடுக்கும். மூன்று விரல்கள் முதுகைத் தாங்கும். கட்டைவிரலுக்கு மட்டும் சுதந்திரம், அதுவும் பாதித் திரை வரைக்கும்தான். மேல் மூலையைத் தொட வேண்டுமென்றால் போனை உள்ளங்கைக்குள்ளேயே நெளித்து நெளித்துக் கீழே இறக்குவார். தொட்டதும் மறுபடி மேலேற்றுவார். பக்கத்தில் நிற்பவருக்குத்தான் நெஞ்சு படபடக்கும். சுண்டுவிரலில் விழுந்துவிட்ட பள்ளத்தை ஆபீசில் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டியிருக்கிறார்.

தாம்பரம் மின்சார ரயிலில் காலைக் கூட்டத்தில் வலது கை கைப்பிடியில் தொங்கும்; போன் இடது கையில். நியாயம். வலது கை சாம்பார் சாதத்தில் இருக்கும்போதும் நியாயம். ஞாயிற்றுக்கிழமை சோபாவில் சாய்ந்திருக்கும்போது என்ன நியாயம்?

"அந்தக் கை என்னங்க பண்ணுது?" என்று மனைவி கேட்டால், "அது ரெஸ்ட்ல இருக்கு" என்பார்.

சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒன்றுவிட்ட பெரியப்பா காலமான செய்தி வந்தது. பதிலுக்குப் போட வரிசையாக நிற்கும் இமோஜி முகங்களில் அழுகிற முகத்தை நோக்கிப் புறப்பட்ட இடது கட்டைவிரல், எட்டாமல் சிரிக்கிற முகத்திலேயே நின்றுவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில் அவரை யாரும் "சாப்பிட்டீங்களா" என்றுகூடக் கேட்கவில்லை.

பாவம், இவர் மட்டும் என்ன செய்வார்! 2007இல் வந்த முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம்தான். 2011இல் சாம்சங் 5.3 அங்குலத்தில் நோட் என்ற போனைக் கொண்டுவந்தபோது, காதில் தோசைக்கல்லை வைத்துப் பேசுவதா என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களும் பிறகு அதையேதான் வாங்கினார்கள். விரல் மட்டும் வளரவில்லை. 2014இல் ஐபோனைப் பெரிதாக்கிய ஆப்பிளே, ஹோம் பொத்தானை இருமுறை லேசாகத் தொட்டால் திரையின் மேல்பாதி கீழே இறங்கி வரும்படி செய்தது. எட்டவில்லை என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது, நம்மவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

கடைசியில் அண்ணன் மகன் வந்து, "சித்தப்பா, இதுக்குன்னே ஒன் ஹேண்டட் மோட் இருக்கு" என்று அமைப்புகளில் போய்ப் போட்டுக் கொடுத்தான். மொத்தத் திரையும் சுருங்கி ஒரு மூலையில் ஒதுங்கியது, மிச்சமெல்லாம் கறுப்பு. சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் எட்டுகிறது! சுருங்கிய அந்தப் படம், சின்னதாக இருக்கிறதென்று சித்தப்பா தன் அம்மாவிடம் தள்ளிவிட்ட பழைய போனின் அளவே இருந்ததை அவன் சொல்லவில்லை. நல்ல பிள்ளை.

அடுத்தது மடக்குகிற போனாம். விரித்தால் எட்டு அங்குலம். ஒரே கையால் விரிக்க வருமா என்று கடையில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.