மேக்ஸுக்கு வயது என்ன?

உலகம் அழிந்த பிறகு என்ன நடந்தது என்பது என் தங்கை மகனுக்கு அத்துப்படி. எந்தக் கோட்டையில் தண்ணீர் இருந்தது, எந்த ஊரில் பெட்ரோல் காய்ச்சினார்கள், துப்பாக்கிக் குண்டு எங்கிருந்து வந்தது, எல்லாவற்றையும் ஊர்த் தலையாரி மாதிரி ஒப்பிப்பான். அழிவதற்கு முந்தைய இந்த உலகத்தில், அவன் வீட்டுக் கரண்ட் பில்லுக்குக் கடைசித் தேதி எது என்று கேட்டால்தான் மோட்டுவளையைப் பார்ப்பான்.

அவன் ‘மேட் மேக்ஸ்’ பக்தன். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவான். ரசத்துக்கு வரும்போது பேச்சு ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குப் போயிருக்கும். மோர் ஊற்றுகிற வரைக்கும் திரும்பி வராது.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. படங்கள் ஐந்து. முதல் படம் 1979-இல் வந்தது. 1981-லும் 1985-லும் அடுத்தடுத்த இரண்டு. மூன்றிலும் மெல் கிப்சன்தான் மேக்ஸ். பிறகு முப்பது வருடம் இடைவெளி. 2015-இல் ‘ஃப்யூரி ரோடு’, அதில் டாம் ஹார்டி. 2024-இல் ‘ஃப்யூரியோசா’, அதில் மேக்ஸ் ஒரு மேட்டின் மேல் கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி. இயக்கம் எல்லாம் ஜார்ஜ் மில்லர், மூன்றாவதில் மட்டும் ஜார்ஜ் ஓகில்வியும் கூட. இந்த ஐந்தும் ஒரே ஆளின் வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டு வரிசையாக அடுக்கிப் பாருங்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அந்த ஒட்டாத இடங்களில்தான் என் தங்கை மகனைப் போன்றவர்கள் பட்டா போட்டுக் குடியிருக்கிறார்கள்.

முதலில் கார் விவகாரம். மேக்ஸ் ஓட்டுகிற கறுப்பு இன்டர்செப்டர், ஃபோர்டு ஃபால்கன் எக்ஸ்பி ஜிடி. இந்த வண்டி 1981 படத்தில் வெடித்துச் சிதறுகிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை, கண்ணால் பார்க்கிறோம். 2015 படம் தொடங்கும்போது அதே வண்டி பக்கத்தில் நிற்க, மேக்ஸ் பல்லியைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கிறார். வண்டி எப்படி வந்தது?

“முதல் ரெண்டு படத்துக்கும் நடுவுல ஃப்யூரி ரோடு நடந்திருக்கலாம் மாமா.”

“அப்படியே இருக்கட்டும். ஃப்யூரி ரோட்லயும் அந்த வண்டி நொறுங்குதே?”

“அதான் மாமா சிக்கல்” என்று சொல்லிவிட்டு, சிக்கல் கிடைத்த சந்தோஷத்தில் இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டான்.

அடுத்தது வயது விவகாரம். மேக்ஸ் உலகம் சீரழிவதற்கு முன்னால் போலீஸ்காரர். பெண்டாட்டி, கைக்குழந்தை எல்லாம் இருந்தவர். ‘ஃப்யூரி ரோடு’ கதையிலோ பழைய உலகத்தைப் பார்த்தே இராத ஒரு தலைமுறை வளர்ந்து, வண்டி ஸ்டீயரிங்கைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது. கதாநாயகி ஃப்யூரியோசாவைச் சிறுமியாகத் தூக்கிக்கொண்டு வந்து 7,000 நாட்களுக்கு மேலாகிறது என்று அவளே சொல்கிறாள். கிட்டத்தட்ட இருபது வருடம். அப்படியானால் மேக்ஸுக்கு ரிட்டயர்மென்ட் வயது தாண்டியிருக்க வேண்டும். டாம் ஹார்டியைப் பார்த்தால் பென்ஷன் வாங்குகிற ஆளாகத் தெரியவில்லை.

இதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள் கண்டுபிடித்த விடைகளில் ஒன்று, ‘மேக்ஸ்’ என்பது ஆள் இல்லை, பதவி என்பது. ஜேம்ஸ் பாண்ட் மாதிரி கைமாறிக்கொண்டே வரும். இன்னொன்று இதைவிட அழகானது. 1981 படத்தில் பேச்சே வராமல் உறுமிக்கொண்டு, பூமராங் எறிகிற ஒரு காட்டுப் பையன் வருவான். அவன்தான் வளர்ந்து டாம் ஹார்டி ஆகிவிட்டான், மேக்ஸ் மேல் இருந்த பிரியத்தில் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டான் என்கிறார்கள். ஆதாரம்? ஹார்டியும் படம் முழுக்க வாயைத் திறக்காமல் உறுமுகிறார். உறுமுவதெல்லாம் ஒரு அடையாளம் என்றால், தூக்கத்திலிருந்து எழுப்பினால் என் தங்கை மகனும் மேக்ஸ்தான்.

இந்தக் கொள்கையை உடைக்கப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. 1981 படத்தில் கதை சொல்லும் கிழவர் குரல் யாருடையது என்று கடைசியில் தெரியவரும். அந்தக் காட்டுப் பையன்தான். வடக்கே போய் ஒரு பெரிய கூட்டத்துக்குத் தலைவனாகி, அதற்குப் பிறகு மேக்ஸைப் பார்க்கவே இல்லை என்று அவன் வாயாலேயே சொல்கிறான். இதைச் சொன்னேன்.

“கிழவர் பொய் சொல்லலாமே மாமா.”

இதற்கு மேல் எந்த வக்கீலாலும் வாதாட முடியாது. நானும் சளைக்காமல், “வயசுக் கணக்குப் பார்த்தா டாம் ஹார்டி 1977-ல பொறந்தவர். முதல் படம் வர்றப்ப கைக்குழந்தை. அப்போ அவர் காட்டுப் பையன் இல்லடா, மேக்ஸோட சொந்த மகன்” என்றேன். வேடிக்கைக்குச் சொன்னது. அந்தக் குழந்தை முதல் படத்திலேயே செத்துவிடுகிறது. ஆனால் அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். “செத்தா என்ன மாமா? முதல் படத்துல லாரியில அடிபட்டுச் செத்த வில்லன் திரும்பி வரலையா?”

இது மூன்றாவது விவகாரம், முகங்கள். 1979 படத்தின் வில்லன் டோகட்டராக நடித்தவர் ஹியூ கீஸ்-பைர்ன். 2015-இல் இம்மார்ட்டன் ஜோவாக, முகத்தில் குதிரைப் பல் வைத்த மூச்சுக் கருவியோடு வருபவரும் அவரே. அப்படியானால் ஜோதான் டோகட்டரா? அதேபோல் புரூஸ் ஸ்பென்ஸ் என்ற நெட்டை மனிதர் இரண்டாவது படத்தில் குட்டி ஹெலிகாப்டர் மாதிரி ஒன்றை ஓட்டுவார். மூன்றாவது படத்தில் சின்ன விமானம் ஓட்டுவார், ஆனால் அங்கே வேறு பெயர், கூடவே ஒரு மகன், மேக்ஸைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதே இல்லை. இதற்காக எத்தனை பேர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்! நம் ஊரில் இந்தச் சிக்கல் ஒரு நிமிடம் நிற்காது. இரட்டைப் பிறவி, திருவிழாவில் தொலைந்தவர்கள் என்று முடித்துவிட்டு இடைவேளைக்கு முறுக்கு வாங்கப் போயிருப்போம்.

அன்றைக்கு என் மனைவியும் டிவி முன்னால் உட்கார்ந்து ‘ஃப்யூரி ரோடு’ கொஞ்சம் பார்த்தாள். தீ கக்கும் கிதார்க்காரன் வந்தபோதுகூட அசையவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பெட்ரோலே இல்லாத ஊர்ல எதுக்குடா இத்தனை வண்டி இவ்வளவு வேகமாப் போகுது?”

தங்கை மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பெட்ரோல் வருடக்கணக்கில் வைத்திருந்தால் கெட்டுவிடும், ஆகவே புதிதாகக் காய்ச்சியாக வேண்டும், அதற்குத்தான் கேஸ் டவுன் என்ற ஊர். குண்டுக்கு புல்லட் ஃபார்ம். ஜோவின் சிட்டாடலில் ஆழத்திலிருந்து இறைக்கிற தண்ணீர் இருக்கிறது, பயிர் இருக்கிறது. மூன்று கோட்டைகளும் பண்டமாற்று செய்துகொள்கின்றன. ஃப்யூரியோசா ஓட்டும் ராட்சத லாரி அந்தச் சரக்குக்குத்தான் என்று பாடமே நடத்தினான்.

“அப்போ தண்ணியைக் கொடுத்துப் பெட்ரோல் வாங்குறாங்க. அந்தப் பெட்ரோலை ஊத்தி மறுபடியும் தண்ணி கொடுக்கப் போறாங்க.”

“ஆமா அத்தை.”

“வீட்லயே இருந்தா ரெண்டும் மிச்சம்.”

நான் படித்த எந்த விமர்சகரும் இந்த உலகத்தின் பொருளாதாரத்தை இவ்வளவு சுருக்கமாகக் கவிழ்த்ததில்லை.

இத்தனை வரலாறும் எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் சிரிப்பு வரும். மில்லர் அடிப்படையில் டாக்டர். சிட்னி ஆஸ்பத்திரியில் சாலை விபத்தில் சிதைந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து மனதில் விழுந்ததுதான் முதல் படம். கூட எழுதிய ஜேம்ஸ் மெக்காஸ்லாண்ட் ஒரு பத்திரிகையாளர். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது பெட்ரோல் பங்க் வரிசையில் சாது மனிதர்கள் எல்லாம் அடித்துக்கொண்டதைக் கவனித்தவர். விஷயம் கையில் இருந்தது, காசுதான் இல்லை. தெருவை அடைத்து, துணை நடிகர்களை நிரப்பிப் படமெடுக்க வழியில்லை. ஆள் நடமாட்டமில்லாத சாலையும் பாழடைந்த கட்டடமும் சும்மா கிடைத்தன. ‘இன்னும் சில வருடங்களில்’ என்று தொடக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், எதிர்காலம் தயார். நொறுக்குவதற்கு வேன் வேண்டும் என்றபோது மில்லர் தன் சொந்த மாஸ்டா வேனையே கொடுத்தார். மேக்ஸுக்கு அசல் தோல் உடை, பெரும்பாலான மற்ற போலீஸ்காரர்களுக்கு வினைல்.

“வினைலைக் கவனிச்சீங்களா மாமா? தோல் தொழில் முழுசாப் படுத்துடுச்சுன்னு நுணுக்கமாக் காட்டுறாரு.”

“அது பட்ஜெட் இல்லாததுடா.”

“பட்ஜெட் இல்லாத உலகத்தைத்தானே மாமா காட்டுறாரு!”

இங்கே நான் வாயடைத்துப் போனேன். ஒரு விதத்தில் அவன் சொல்வதுதான் சரி. காசில்லாத டாக்டர் விட்ட ஓட்டைகள்தான் இந்த உலகத்துக்கே அஸ்திவாரம். எல்லாவற்றையும் விளக்கி, வரைபடம் போட்டு, தேதி குறித்துக் கொடுத்திருந்தால் இத்தனை பேர் இத்தனை வருடம் அதற்குள் குடித்தனம் நடத்தியிருக்க மாட்டார்கள்.

அதிகாரபூர்வமான விளக்கங்களும் இல்லாமலில்லை. 2015-இல் படத்தோடு ஒட்டி காமிக்ஸ் வந்தது. ‘ஃப்யூரி ரோடு’ முழுக்க மேக்ஸ் கண்ணுக்கு ஒரு சிறுமி தெரிந்துகொண்டே இருப்பாள். அவருக்கு இருந்தது மகன்தானே, இந்தப் பெண் யார் என்று பெரிய ஆராய்ச்சி நடந்தது. அவள் பெயர் குளோரி, மேக்ஸ் காப்பாற்ற முடியாமல் போன வேறு யாருடைய குழந்தையோ என்று காமிக்ஸ் சொல்லிவிட்டது. காரையும் அவரே மறுபடி கட்டிக்கொண்டார் என்று அதில் இருக்கிறது. என் தங்கை மகன் அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி இருந்தான். விடை கிடைத்துவிட்டால் ரசிகனுக்கு வேலை போய்விடுகிறது. கிதார்க்காரன் மாட்டியிருக்கும் முகமூடி அவனுடைய அம்மாவின் முகத்தோல் என்று அந்த நடிகரே சொல்லியிருக்கிறார். அது அவனுக்குப் பிடித்தது. எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் பிடிக்கவில்லை.

சரி, கொள்கை உற்பத்தியில் நானும் இறங்கிப் பார்த்தேன். ‘ஃப்யூரி ரோடு’ கடைசிப் பகுதியில் ஃப்யூரியோசாவும் கூட இருக்கும் பெண்களும் மோட்டார் சைக்கிள்களில் மூட்டை கட்டிக்கொண்டு, முடிவில்லாத உப்புவெளியைக் கடக்கக் கிளம்புவார்கள். 160 நாள் ஓட்டலாம் என்பது கணக்கு. மேக்ஸ் பின்னால் துரத்திப் போய், அங்கே ஒன்றுமில்லை, வந்த வழியே திரும்பி சிட்டாடலைப் பிடியுங்கள் என்று யோசனை சொல்வார். இது பெரிய திருப்பம் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நான் கணக்குப் போட்டேன். நிதானமாக நாளுக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்தால், 160 நாளைக்கு 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவும் ஏறக்குறைய அதேதான். உப்புவெளி, வற்றிப்போன கடலின் தரை என்று ரசிகர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆக, வழியில் கடல் தொல்லையும் இல்லை. மேக்ஸ் குறுக்கே வராமல் இருந்திருந்தால் அவர்கள் நேராகவே ஓட்டி, ஐந்தே கால் மாதத்தில், யாரும் எதிர்பாராத பின்பக்கமாக, சிட்டாடலுக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். ஒரு சண்டையில்லை, சாவில்லை.

தங்கை மகன் காகிதத்தில் எழுதிச் சரிபார்த்தான். “பெட்ரோல்?” என்றான். அதை உன் அத்தையிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.

மில்லர் என்ன சொல்கிறார் என்று கேட்பீர்கள். இவை காலவரிசைப்படியான சரித்திரம் இல்லை, வாய்மொழியாகச் சொல்லப்படும் கதைகள் என்கிற மாதிரிதான் அவர் பேசி வந்திருக்கிறார். படங்களிலேயே சாட்சி இருக்கிறது. இரண்டாவதைச் சொல்வது கிழவர். மூன்றாவது முடியும்போது ஒரு பெண் குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு ராத்திரிதோறும் மேக்ஸ் கதையைச் சொல்கிறாள். ‘ஃப்யூரியோசா’வில் வரலாற்று மனிதர் என்றே உடம்பெல்லாம் பச்சை குத்திய ஒருவர் வருகிறார். சொல்கிற வாய்க்கு ஏற்ப மேக்ஸின் முகம் மாறும், வயது மாறும், வெடித்த கார் முளைக்கும்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஆஸ்திரேலியா போக வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் சமண முனிவர்களுக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. பல இடங்களில் பக்கத்திலேயே தமிழி எழுத்தில் கல்வெட்டும் இருக்கிறது. ஊர்க்காரர்களைக் கேட்டால் பஞ்ச பாண்டவர் படுக்கை என்பார்கள். வனவாசத்தில் ஐந்து பேரும் இங்கேதான் தூங்கினார்களாம். அத்தனை மலையிலும் படுத்திருந்தால் அவர்கள் பன்னிரண்டு வருடமும் எழுந்தே இருக்க மாட்டார்கள். ஆனால் கல் இருக்கிறது, படுத்தவர் யாரென்று ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை, ஊருக்குத் தெரிந்த பெரிய ஆளைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டார்கள். பாலைவனத்தில் யாரோ ஒருவன் யாரையோ காப்பாற்றிவிட்டுப் பெயர் சொல்லாமல் போனால், அவன் மேக்ஸ்.

இதை விளக்கி முடித்ததும் தங்கை மகன் முகம் வாடிவிட்டது.

“அப்போ எதுவுமே நெஜமா நடக்கலையா மாமா?”

“நடக்கலடா. சினிமாடா அது.”

இதை மட்டும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

என் தீர்ப்பு இதுதான். காட்டுப் பையன் கொள்கை அழகு, ஆனால் செல்லாது. பதவிக் கொள்கை செல்லும், ஆனால் அழகில்லை. கதைசொல்லிகள் கொள்கைக்கு என் ஓட்டு. படம் பார்க்காதவர்கள் 1981 படத்திலிருந்து தொடங்குங்கள், பிறகு ‘ஃப்யூரி ரோடு’. முதல் படத்தைப் பொறுமை இருக்கிற நாளில் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது படத்தில் சாணத்தால் எரிவாயு கொடுக்கிற பன்றிகள் மிக நன்றாக நடித்திருக்கின்றன.