பல்சக்கரப் பெரியவர்

குன்னூர் ரயில் நிலையத்தில் மங்கி குல்லா மாட்டி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் பெரியவர் எந்த ரயிலுக்கும் காத்திருப்பவர் அல்லர். அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ ஏதோ ஒரு டீ எஸ்டேட் ஆபீஸிலோ கணக்கெழுதி ஓய்வு பெற்றவராக இருக்கலாம். ஊர் அவரை ரயில் பித்தர் என்கிறது. பித்து உண்மைதான், ஆனால் அது ரயில்மேல் அல்ல, ரயிலின் கோளாறுமேல். மேட்டுப்பாளையம் வண்டி நேரத்துக்கு வந்து சேர்ந்தால் கடிகாரத்தைப் பார்த்து முகம் சுருங்குவார். வடகிழக்குப் பருவமழையில் ஹில்குரோவ் பக்கம் மண் சரிந்து, சேவை ரத்து என்று அறிவிப்பு வரட்டும். பத்து வயது குறைந்துவிடும். எந்த இடம், எத்தனை மீட்டர், தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறதா என்பது முதல், ‘போன தடவை அடர்லியில் விழுந்ததற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை’ என்பது வரை டீக்கடையில் அறிக்கை தயார். சுற்றுலா வந்த பிள்ளை ஒன்று, “தாத்தா, டாய் ட்ரெயின் எப்போ வரும்?” என்று கேட்டுவிட்டால் தொலைந்தது. பன்னிரண்டேகால் அடி நகர்ந்தால் ஓர் அடி ஏறுகிற பாதை பொம்மையா என்று ஆரம்பித்து, 1854இல் யோசனை பிறந்து, 1891இல் வேலை தொடங்கி, 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் தொட்ட கதையை, பாதை போட்ட அதே வேகத்தில் சொல்லி முடிப்பார்.

அவருடைய தனிக்காதல் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, தண்டவாளங்களின் நடுவில் கிடக்கும் பல்தண்டுகள்மேல். இரண்டு தண்டுகள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றதன் பள்ளம். எஞ்சினின் பல்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பற்றிக்கொண்டே ஏறும். தன் கடைவாய்ப் பல்லுக்கு டாக்டரிடம் போக ஆறு மாதம் யோசிப்பவர், இந்தப் பல் தேய்ந்ததாகத் தோன்றினால் சேலம் கோட்ட மேலாளருக்கு அன்றே பதிவுத்தபால் அனுப்புவார். நீராவி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். மேட்டில் ஏறும்போது இரண்டு சிலிண்டர்கள் உபயோகித்து விட்ட நீராவியை மற்ற இரண்டும் வாங்கிப் பல்சக்கரத்தைச் சுழற்றும். மீந்ததை வீணாக்காத இந்த ஏற்பாட்டை விளக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும். வீட்டில் பழைய சோற்றைத் தொடமாட்டார் என்பது வேறு விஷயம்.

இவர் ஒரு கல்லையாவது புரட்டியிருக்கிறாரா என்று கேட்கலாம். இல்லை. அட்டைக்கடியோடு, யானை நடமாடும் காட்டில் நடந்து தண்டவாளத்தைச் சோதிப்பவர் கீமேன். சரிந்த மண்ணை அள்ளுபவர்கள் கேங்மேன்கள். பெட்டியின் முகப்பில் நின்று கை பிரேக் போடுபவர் பிரேக்ஸ்மேன். பெரியவர் போடுவது புகார் மட்டும். ஆனால் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள் கொண்ட பாதையில், ஒழுங்காகச் செய்த பராமரிப்பு யார் கண்ணிலும் படாது. வடிகால் சுத்தமாக இருந்தால் எந்தப் பத்திரிகையும் எழுதாது. அடைத்துக்கொண்டு மலை இறங்கினால்தான் படத்தோடு செய்தி. உண்ணிச்செடி மண்டியதைச் சரிவுக்கு முன்பே பார்த்து நச்சரிக்க, வேறு வேலை இல்லாத ஒருவர் வேண்டும். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. அந்தப் பட்டயம் வந்து புல் பிடுங்காது. இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ஏக்கம் என்று இளைஞர்கள் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. சுவிட்சர்லாந்து விண்டர்தூரில் செய்ததுதான் எஞ்சின் என்பார். ஆனாலும் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகக் கட்டி அனுப்பிய நீராவி எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்து, குறை அகப்படாத துக்கத்தில், “பரவாயில்லை” என்பார். அவர் கையிருப்பில் அதைவிடப் பெரிய விருது கிடையாது. குன்னூருக்கு மேல் இழுக்கும் டீசலுக்கு அதுவும் இல்லை. ஏங்குகிறவருக்குப் பழசு போதும். புதிய எஞ்சினின் போல்ட்டைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏற ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது, இவரே பஸ்ஸில்தானே போகிறார் என்று மடக்குபவர்களும் உண்டு. போகிறார்தான். ரயில்வே ஆயுட்காலப் பாஸ் கொடுத்தாலும் வண்டியில் ஏறமாட்டார். பெட்டிக்குள் உட்கார்ந்தால் அடியிலிருக்கும் பல் தெரியாது.