முத்தையாபுரம் வட்டாரப் பழைய கார்களில் அடிச்சத்தங்களின் பதவி வரிசை: ஒரு சல்லடை ஆய்வு

பழைய காரில் சத்தம் ஒழிவதில்லை, பதவிதான் மாறுகிறது. இந்த ஒரு கருதுகோளை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். ஆட்சியில் இருந்த சத்தம் பட்டறையில் ஓய்வு பெற்றதும், அதுவரை அதற்குக் கீழே அடங்கிக் கிடந்த இன்னொன்று பொறுப்பேற்கிறது. உரிமையாளரோ, மெக்கானிக் கை வைத்ததால்தான் புதுச் சத்தம் வந்தது என்று முடிவு கட்டி வேறு பட்டறை தேடிப் போகிறார். பழைய கார் எது என்பதையும் இங்கேயே வரையறுத்துவிடலாம். அடியில் சத்தம் கேட்டதும் ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கிக் காது கொடுத்தால் அது புதிய கார். கண்ணாடியை ஏற்றிவிட்டால் பழைய கார். பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டு இந்த வரையறைக்குத் தேவையில்லை. இருந்தாலும் கட்டுரை பெரிதும் சார்ந்திருப்பது அம்பாசிடர், மாருதி 800 என்ற இரண்டு வண்டிகளை. இரண்டின் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டிலேயே, சில மாத இடைவெளியில் நின்றுவிட்டது. ஆகவே நமது ஆய்வுப்பொருளின் தகுதி ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டேதான் போகும்.

களம் முத்தையாபுரமாக அமைந்தது தற்செயல் அல்ல. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், உப்பளங்களுக்கும் துறைமுகத்துக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர் இது. 1974இல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னாலேயே உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் வந்தன. இன்று கன்டெய்னர் லாரிகளும் உப்பு லாரிகளும் அழுத்தி எடுக்கும் சாலைகளில்தான் 800-ம் ஓடியாக வேண்டும். ஆனால் குழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதோடு நின்றுவிடுவது மேலோட்டமான ஆய்வு. குழி எல்லா ஊரிலும் உண்டு, உப்புக் காற்று எல்லா ஊரிலும் இல்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோரத்தில் விடிகாலையில் அந்த அளவைத் தாண்டுவது பெரிய காரியமே இல்லை. அடிப்பாகத்தில் படிந்த மெல்லிய உப்புப் படலம் மழையே பெய்யாத மாதத்திலும் நனைந்தே இருக்கும். அதைக் கழுவ போர் தண்ணீரை அடித்தால், பல இடங்களில் அந்தத் தண்ணீரும் உப்பு.

இந்த ஈரம் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி ஓர் இடம், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ். அது வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவே ரப்பர், உள்ளே ஒரு இரும்புக் குழாய், அதற்குள் போல்ட் என்று நான்கு அடுக்கு. ரப்பர் முறுகி முறுகித் திரும்புவதால்தான் ஆர்ம் சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறது. உப்பு ஈரம் உள்ளே புகுந்ததும் குழாயும் போல்ட்டும் துருப்பிடித்து ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் நட்டைக் கழற்றினாலும் போல்ட் வராது, கேஸ் கட்டிங்தான். வளையத்தை ஒட்டி ஏறும் துரு ரப்பரின் பிடியை விடுவிக்கிறது. பிடி விட்ட ரப்பர் முதலில் ‘கிறீச்’ என்கிறது, கொஞ்ச காலம் கழித்து ‘டொக்’ என்கிறது. மதுரையில் குழி மட்டும் செய்கிற வேலையை இங்கே குழியும் உப்பும் பங்கு போட்டுச் செய்கின்றன. ஒரே வண்டியில் பல சத்தங்கள் ஒரே காலத்தில் முற்றுவது இதனால்தான்.

பல சத்தங்கள் இருந்தும் ஒன்றுதான் ஏன் கேட்கிறது? காதின் குணம் அது. 1924இல் வெகல், லேன் என்ற இருவர், ஒரு ஒலி இன்னொன்றை எப்படி மறைக்கிறது என்று அளந்து எழுதினார்கள். கனத்த தாழ்ந்த ஒலி கீச்சென்ற ஒலியை எளிதில் மறைத்துவிடும். மறுதிசையில் அவ்வளவு எளிதல்ல என்பது அவர்கள் கண்டது. அவர்கள் பிடித்துக் கேட்டது தொலைபேசி ரிசீவரை, அம்பாசிடரை அல்ல. ஆனாலும் முடிவு இங்கே அப்படியே பொருந்துகிறது. ஷாக் அப்சார்பர் செத்துப் போய் ‘தொம்’ என்று இடித்துக்கொண்டிருக்கும்வரை புஷ்ஷின் முனகல் யாருக்கும் கேட்காது. ஷாக்கை மாற்றிய அன்று மாலையே அது கேட்கும். அந்தக் கால முத்து வணிகர்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருப்பார்கள். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த முத்துக்களை முதலில் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்தார்கள். 20 துளை உள்ள சல்லடையிலிருந்து 1000 துளை உள்ளதுவரை 10 சல்லடைகள். பெரியது மேலே தங்கும், சிறியது கீழே இறங்கும். பழைய காரில் உட்கார்ந்திருப்பவரின் காதும் இப்படியே வேலை செய்கிறது. மேல் சல்லடையில் நின்றது மட்டும்தான் அவருக்குச் சத்தம்.

ஆனால் வணிகர்கள் அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். சலித்து முடித்ததும் ஒவ்வொரு சல்லடையில் நின்றதையும் மறுபடி தரம் பிரித்தார்கள். உருண்டையும் ஒளியும் குறையாதது ஆணி, சற்றே குறைந்தது அனதாரி, இப்படி இறங்கி மசங்கு, குறுவல், கடைசியில் தூள். பருத்த குறுவலைவிடச் சிறிய ஆணி கூடுதல் விலை போயிருக்கலாம். கார் உரிமையாளர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது பிரிப்பைத்தான். சத்தத்தின் பருமனும் அதன் ஆபத்தும் வேறு வேறு. ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். வண்டி வளைவில் கொஞ்சம் கூடுதலாகச் சாயும், அவ்வளவுதான். பால் ஜாயிண்ட் தேய்ந்தால் ஆரம்பத்தில் மெல்லிய ஒரு ‘டக்’ மட்டுமே கேட்கும், அதுவும் குழியில் இறங்கும்போது மட்டும். அது கழன்றுவிட்டால் சக்கரத்தின் அடி வெளியே பிடுங்கிக்கொண்டு, வண்டி அந்த மூலையில் தரையில் உட்கார்ந்துவிடும். எனவே காசு செலவழிக்க வேண்டிய வரிசையைக் காது சொல்லாது, கடப்பாரைதான் சொல்லும்.

அந்த இரண்டாவது பிரிப்பைச் செய்வது எப்படி? சத்தத்தை நேரடியாகத் தேடாமல், அது எப்போது வாயை மூடுகிறது என்று தேட வேண்டும். நேரான வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்போது ஸ்டெபிலைசர் ராடு முறுகாது. அங்கே அமைதியாக இருந்து, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது கடகடத்தால் சந்தேகம் லிங்க் மேல். மாருதி 800-இல் ஒரு சிக்கல் உண்டு. அதில் அந்த ராடே லோயர் ஆர்மை முன்பின்னாக இழுத்துப் பிடிக்கும் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. அதன் புஷ் போனால் பிரேக் பிடிக்கும்போதும் விடும்போதும் ஒரு ‘டொக்’ வரும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் கடகடப்பு நின்றுவிட்டால், அது சஸ்பென்ஷனே இல்லை. பிரேக் காலிப்பர் அதன் பின்களில் ஆடுகிறது. நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் ஸ்பிரிங் தொட்ட கைக்குத் துள்ளினால் மேலே ஸ்ட்ரட் மவுண்ட். கிறீச்சிடும் புஷ்மீது சோப்புத் தண்ணீரைத் தெளித்து, கொஞ்ச நேரம் அடங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டது. ஜாக்கியில் ஏற்றிய சக்கரத்தை இடவலமாகப் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட். மேல்கீழாக அசைக்கும்போது ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ. இரண்டையும் பிரிக்க, ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே கடப்பாரையைக் கொடுத்து நெம்ப வேண்டும். அம்பாசிடருக்கு இவற்றோடு ஒன்று கூடுதல்: முன்னால் உள்ள கிரீஸ் நிப்பிள்களுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தது என்று கேட்க வேண்டும். பதிலாக மௌனம் வந்தால் பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

இனி பரபக்கம். சிவஞான சித்தியார் செய்த அருணந்தி சிவாச்சாரியார் எதிர்த்தரப்பை முதலில் முழுதாகப் பேசவிட்டார், நாமும் விடுவோம். முதல் எதிர்வழக்கு, ‘இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, மொத்தமாகச் செட்டை மாற்றிவிட்டால் போயிற்று’ என்பது. பணம் இருப்பவரின் வாதம் இது, அதனாலேயே வலுவானது. ஆனால் அதில் ஒரு ஓட்டை உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை முறுக்கிவிட்டால், சக்கரம் தரைக்கு வந்ததும் புது ரப்பர் முறுகின நிலையிலேயே நிற்கும். சீக்கிரமே கிழியும். வண்டி தன் எடையில் நின்ற பிறகே கடைசி முறுக்கு போட வேண்டும். சர்வீஸ் குழியில்லாத பட்டறையில், படுத்தபடி, வெயிலில் இதைச் செய்யப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைச் செட்டோடு சேர்த்துக் கடையில் விற்பதில்லை. ஆக, செட்டை மாற்றினாலும் பதவி வரிசை குலையாது. சில மாதங்களுக்கு ஆட்சி காலியாக இருக்கும், பிறகு தேர்தல்.

இரண்டாவது தரப்பினர் டீசலையும் பழைய ஆயிலையும் அடிப்பவர்கள். பட்டை ஸ்பிரிங்கின் பட்டைகளுக்கு நடுவே அது உராய்வைக் குறைக்கும், துருவைத் தள்ளிப்போடும் என்பதை மறுக்கவில்லை; அம்பாசிடரின் பின்பக்கத்துக்கும் மாருதி ஆம்னியின் பின்பக்கத்துக்கும் இவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் பீய்ச்சும் கைக்கு இரும்பு எது, ரப்பர் எது என்ற பேதம் தெரியாது. எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊதி, கூழாகிப் போகும். இன்றைய கிறீச்சை நிறுத்த நாளைய டொக்கைக் கடன் வாங்குவதற்கு ஒப்பானது இது. மூன்றாவது தரப்பு பாட்டுச் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறது. வெகல், லேன் இருவரும் இதைக் கேட்டால் கொள்கையளவில் ஒப்புக்கொண்டிருப்பார்கள். நாதஸ்வரம் பல சத்தங்களை மறைக்கும். அது மறைப்பவற்றில் அந்த மெல்லிய ‘டக்’ முதலிடத்தில் இருக்கும்.

நான்காவது எதிர்வழக்கு கொஞ்சம் நுட்பமானது: சத்தம் ஒழியவே ஒழியாது என்றால் எந்த இடத்தில் நிறுத்துவது? கருதுகோளை ஒப்புக்கொண்டே அதை மடக்கப் பார்க்கும் கேள்வி இது. பதில் தரப் பிரிப்பில் இருக்கிறது. சக்கரத்தைப் பிடித்திருப்பவை, திருப்புபவை, நிறுத்துபவை ஆகிய மூன்றிலும் ஆட்டம் இல்லை என்று கடப்பாரை சான்று கொடுத்ததும் வேலையை நிறுத்திவிடலாம். மீதி எல்லாம் தூள். தூளில் முதன்மையானவை டேஷ்போர்டு, கதவுக் கண்ணாடி, டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் உருளும் ஜாக்கியும் அதன் கம்பியும். பின் சஸ்பென்ஷன் போய்விட்டது என்று நம்பிப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் முதலில் இந்தக் கம்பியைத் துணியில் சுற்றிவிட்டுச் சோதிக்கும் மெக்கானிக்குகள் உண்டு. சல்லடையைத் தலைகீழாகப் பிடிக்கும் முறைதான், ஆனாலும் செலவில்லாதது என்பதால் இவ்வாய்வு அதற்குத் தடை சொல்லவில்லை. ஒரே நிபந்தனை, பால் ஜாயிண்ட்டை நெம்பிப் பார்த்த கடப்பாரையை அதே டிக்கியில் போட்டு வண்டியை ஒப்படைத்துவிடக் கூடாது.