படுத்த பாலம்

வாடா பேராண்டி, உக்காரு. மெதுவா, இடுப்பு பிடிச்சிக்கப் போகுது! இருபத்து மூணு வயசுல முதுகு உருவ ஆள் தேடுறியாமே. தண்ணிமலைக் கோயிலோட 513 படியையும் இந்தக் கிழவன் ஏறிட்டேன். நீ பாதியிலேயே படம் பிடிக்கிற சாக்குல நின்னுட்ட.

அந்தக் கைப்பிடிச் சுவர்ல போற குரங்கைப் பாரு. குட்டி வயித்தைக் கட்டிக்கிட்டுத் தொங்குது, முதுகு பாலம் மாதிரி கிடக்குது. பாரமெல்லாம் நாலு காலுக்கும் பங்கு. அப்படிப் படுத்திருந்த பாலத்தைத்தான் நம்ம முப்பாட்டனுங்க தூக்கித் தூணா நட்டானுங்க. தான்சானியாவுல லேதோலின்னு ஒரு இடம், அங்க இருக்கிற 36 லட்சம் வருஷத்துக் காலடியே ரெண்டு கால் நடைதான். நட்ட தூணு சாயாம நிக்க கழுத்துல ஒரு வளைவு, இடுப்புல ஒரு வளைவு.

பொறந்தப்ப உனக்கு அது ரெண்டும் சரியா விழலை. இறால் மாதிரி சுருண்டு வந்தே. குப்புற விழுந்து தலையைத் தூக்கித் தூக்கிக் கழுத்தை வளைச்சே. நாற்காலிக் காலைப் பிடிச்சு எழுந்து நின்னு இடுப்பை வளைச்சே. உருண்டு புரண்டு சம்பாதிச்சதை இப்போ கைபேசிக்குக் குனிஞ்சே திருப்பிக் கொடுக்கிற. தாராள மனசுடா!

உன் பாட்டியைக் கேளு. ஆறு பிள்ளையைச் சுமந்த இடுப்பு. பொம்பளைங்களுக்குக் கீழ்முதுகுல மூணு எலும்பு ஆப்பு மாதிரி சரிஞ்சிருக்காம், ஆம்பளைக்கு ரெண்டுதான். வயித்துப் பாரத்துக்கு இயற்கை வச்ச முட்டு. அதோட தோட்டத்துல காண்டாக் கம்பு வேற தூக்கினா. நாசி கண்டார் சோத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வரிசையில நிக்கிறியே, கண்டார்னா என்ன? நம்ம தமிழ் முஸ்லிம்கள் தோள்ல போட்ட காவுதடிதான். முன்னும் பின்னும் கூடை, நடுவுல நிமிர்ந்த முதுகு. நீ மடிக்கணினியை ஒரு தோள்ல மாட்டிக்கிட்டுச் சாஞ்ச கம்பமா போற.

சுருண்டு கிடந்த இன்னொருத்தன் கதையையும் கேளு. நம்ம பினாங்குல இருக்கிற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரங்க 1991-ல லெங்கோங் குகையில ஒருத்தனைத் தோண்டி எடுத்தாங்க, பேராக் மனிதன். பத்தாயிரம் வருஷத்துப் பழசு. இடது கை பிறவியிலேயே சிறுத்தது. அதோடவே நாற்பதைத் தாண்டி வாழ்ந்திருக்கான். செத்த பிறகுதான் முழங்காலை மடக்கிச் சுருட்டிப் படுக்க வச்சு, பக்கத்துல திங்க நத்தையும் இறைச்சியும் வச்சாங்க.

நீ உசுரோடவே சோபாவுல அப்படித்தான் கிடக்கிற. பக்கத்துல ஒரு தட்டு முறுக்கோட.