பன்னீருக்கு இரண்டு பிறந்தநாள்

லீவில் கம்பம் பள்ளத்தாக்கின் ராயப்பன்பட்டிக்குப் போன இந்தக் கட்டுரையாளர், மூன்று நாள் பயிற்சியில் கற்ற ‘டிசைன் திங்கிங்’ வித்தையையும் பையில் போட்டுக்கொண்டு போனார். சாப்பிடும் பொருளை எப்படி வடிவமைப்பது, அதற்கு எப்படிக் கதை கட்டுவது என்பதுதான் பாடம். வாங்குகிறவர் மனசைப் படி, சிக்கலைக் கண்டுபிடி, யோசி, மாதிரி செய், சோதித்துப் பார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உலகத்துக்குப் பரப்பிய ஐந்து படிகள்.

திராட்சைப் பந்தலுக்கடியில் நின்று சித்தப்பாவுக்கு ஐந்தையும் விளக்கினார்.

“இதுக்கா காசு கட்டுன?” என்றார் சித்தப்பா. “எந்த மாசம் பழம் வேணும்னு முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் நாங்க கத்திரியவே எடுப்போம்.”

கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வந்துவிடும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துத் தேதி மாறுவதால் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுக்கத் திராட்சை உண்டு. மகாராஷ்டிரத்து நாசிக் விவசாயிகள் பெரும்பாலும் கோடை தொடங்கும் நேரத்து ஒரே அறுவடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பெயர் வைத்ததிலும் ஊர்க்காரர்களே கெட்டிக்காரர்கள். இங்கே விளையும் திராட்சை ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இந்த மஸ்கட்டுக்கும் நம் ஆட்கள் வேலைக்குப் போகும் மஸ்கட்டுக்கும் சம்பந்தமில்லை. அது மணமுள்ள ஒரு திராட்சைக் குடும்பத்தின் பெயர். ஹாம்பர்க் ஜெர்மனியில் இருக்கிறது, ரகம் உருவானதோ இங்கிலாந்தில். இந்தக் குழப்பத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வாசனையை மட்டும் வைத்துக்கொண்டு ‘பன்னீர்’ என்றார்கள். நகரத்து விளம்பரக் கம்பெனி இந்த ஒரு சொல்லுக்கு லட்சங்களில் பில் போட்டிருக்கும். ஒரே சேதாரம், வடக்கிலிருந்து வருபவர்கள் இதில் பாலாடைக்கட்டியைத் தேடுவது.

2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கூடவே ஒரு கதையும் பரவியது: 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தாராம். பேதுருவை இராயப்பர் என்றழைக்கும் கத்தோலிக்கர்கள் நிறைந்த ராயப்பன்பட்டியில் இதற்கு மறுப்புச் சொல்ல ஆள் கிடைக்காது.

கட்டுரையாளருக்குத்தான் தூக்கம் கெட்டது. திராட்சை வரலாறு எழுதியவர்கள், ஸ்நோ என்ற ஆங்கிலத் தோட்டக்காரர் இந்த ரகத்தை 1850 வாக்கில்தான் உருவாக்கினார் என்கிறார்கள். அதாவது பழம் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பாதிரியார் கொண்டுவந்தது வேறு மஸ்கட்டாக இருந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும் கதையில் ஓட்டை ஓட்டைதான்.

மறுநாள் காலை சித்தப்பாவிடம் இதைப் போட்டு உடைத்தார்.

“ஒண்ணாப்புல சேக்கும்போது வாத்தியார் எனக்கு ஜூன் 1-ன்னு எழுதுனாரு. அத வச்சுத்தான் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் ஓடுது. பழத்துக்கு மட்டும் சரியா இருக்கணுமாக்கும்?”

பயிற்சிக் குறிப்பேட்டில் இதற்குப் பதில் இல்லை.

கம்பம் பக்கம் போகிறவர்கள் வழியோரக் கடையில் கொத்தை மோந்து பார்த்து வாங்குங்கள். நன்றாகக் கழுவுங்கள். விதை உண்டு, காரில் துப்ப ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள்.