மூன்று வாரத்தில் பழகிவிடும்

ஒரு மாணவர் பொறியியல் கல்லூரிக்குப் பழக மூன்று வாரம் வேண்டும் என்று டெல்லியில் முடிவு செய்திருக்கிறார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2017இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. முதலாண்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததுமே பாடத்தை ஆரம்பித்துவிடக் கூடாது. உடற்பயிற்சி, ஓவியம், பாட்டு, மனித விழுமியங்கள், பெரியவர்களின் சொற்பொழிவு, சுற்றுப்புறத்தைக் கூட்டிப்போய்க் காட்டுவது எல்லாம் முடிந்த பிறகுதான் கால்குலஸ். 2024இல் என் மகள் சேர்ந்தபோது அந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். காலையில் யோகா என்று போட்டிருந்தது. 1985இல் எங்களுக்கும் யோகா உண்டு. சீனியர்கள் இரவு பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் நடத்துவார்கள்.

நான் நுழைவுத் தேர்வு எழுதி உள்ளே வந்த இரண்டாவது செட். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் அந்தத் தேர்வு வந்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய அப்போதுதான் கதவு திறந்தது. (தேர்வு 2007 சேர்க்கையிலிருந்து போய்விட்டது. கல்லூரிகள் போகவில்லை.) இடம் கிடைத்த செய்தி கோவில்பட்டிப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்குப் பதிவுத் தபாலில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் ஊரில் யாருக்கும் முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் கைமாற்றிக் கைமாற்றி எல்லோரும் பார்த்தார்கள். என் மகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. 2018இலிருந்து கலந்தாய்வே இணையத்துக்குப் போய்விட்டதால், எங்கள் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, துபாயில் இருக்கும் அவள் மாமா வீடியோ காலில் வந்து, கல்லூரிகளின் வரிசையை ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டார்கள். படிக்கப்போகிறவள் இடையிடையே வந்து தோசை சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அப்பா என்னை விடுதியில் சேர்த்தது முக்கால் மணி நேர வேலை. பெயர் எழுதிய தகரப் பெட்டி, ஜமுக்காளத்தில் சுருட்டிய தலையணை, வாளி, ஒரு டப்பா பருப்புப் பொடி, அறை நண்பர்களுக்கென்று கடலை மிட்டாய். வார்டனைப் பார்த்து, "ஐயா, பையன் ஒண்ணும் தெரியாதவன்" என்று ஒரு நற்சான்றிதழ் கொடுத்தார். பிறகு என்னிடம், "துட்டு வந்து சேந்தா ஒரு கார்டு போடு" என்று சொல்லிவிட்டு நாலு மணி பஸ்ஸுக்கு நடந்தார். ஊரில் போன் தபாலாபீஸில் மட்டும்தான். சாவுச் செய்தியைத் தவிர வேறெதற்கும் யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை.

என் மகளைச் சேர்க்க நாங்கள் லாட்ஜில் அறை போட்டோம். மெத்தை, கெட்டில், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கட்டிலுக்கடியில் தள்ளும் பிளாஸ்டிக் அலமாரி. என்னுடைய பழைய டிராஃப்டரையும் பரணிலிருந்து இறக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துப் போயிருந்தேன். முதலாண்டு வரைகலைக்கு இன்றைக்கும் அதே டிராஃப்டர்தான் என்பதில் எனக்கு ஒரு பெருமை. அவள் வாங்கிப் பார்த்து, "ஸ்வீட்ப்பா" என்றாள். மறுநாள் புதியது கூரியரில் வந்தது.

சேர்க்கையின்போது ஓர் உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டோம். ராகிங் செய்ய மாட்டேன் என்று அவளும், செய்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று நானும். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதி. தமிழ்நாட்டில் அதற்கும் முன்னால், 1997இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. முந்தின ஆண்டு சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்ட பிறகுதான் வந்தது. எங்கள் காலத்தில் மீசை வைக்கக் கூடாது, பெல்ட் கட்டக் கூடாது, ரப்பர் செருப்புத்தான் போட வேண்டும், சீனியர் எதிரே வந்தால் நம் சட்டையின் மூன்றாவது பட்டனைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பெயர், ஊர், அப்பா தொழில் மூன்றையும் மாடி கேட்கச் சொல்ல வேண்டும். அப்பா தொழிலைக் கேட்டது எதற்கு என்று அப்போதும் தெரியும். எங்கள் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில், "அந்த ராகிங்தான்டா நம்மள மனுஷனாக்குச்சு" என்று மாதம் ஒருமுறை யாராவது எழுதுவான். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். எங்கள் பிளாக்கிலிருந்து முதல் வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப்போன பையன் அந்தக் குழுவில் இல்லை. அவன் நம்பர் யாரிடமும் கிடையாது. வேறு எதற்கு வேண்டுமானாலும் நான் 'அந்தக் காலம்போல வருமா' என்பேன், இதற்கு மாட்டேன்.

என்னை அதைவிட ஆட்டிவைத்தது பாடம். பன்னிரண்டாம் வகுப்புவரை விசையும் முடுக்கமும் படித்தவன் நான். ஒரே கோடை விடுமுறையில் அவை ஃபோர்ஸும் ஆக்ஸலரேஷனுமாகி, ஒரு மணி நேரத்துக்குள் கரும்பலகையை நாலு முறை நிரப்பிவிட்டுப் போயின. பேராசிரியர் திரும்பிப் பார்த்து, "கிளியர்?" என்பார். "எஸ் சார்" என்று அறுபது குரல். அந்த இரண்டு சொல்லை மட்டும் நாங்கள் எல்லோரும் பிழையில்லாமல் பேசினோம். தமிழ்வழியில் வந்தவர்கள் எல்லோரும் இரவில் மெஸ் மூடிய பிறகு அங்கேயே ஒரு மூலையில் கூடி, ஆளுக்குக் கொஞ்சம் புரிந்ததை ஒட்டிப் பார்ப்போம். தமிழில் ஒரே ஒருவர் ஒரே ஒரு மணி நேரம் இதைச் சொல்லித் தந்தால் மெஸ் பில்லையே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். மெஸ் பில்லும் சாமானியம் இல்லை, டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மொத்தமாகக் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். யாரோ நாலு பேர் சாப்பிட்ட ஸ்பெஷல் முட்டையில் என் அப்பாவின் பருத்திக் காசும் இருந்தது.

என் மகள் எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழி. அதற்காக நாங்கள் கட்டிய தொகையைக் கணக்கிட வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு. அவளுக்கும் வகுப்பில் ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் அவள் கலங்கவில்லை. தேர்வுக்கு முந்தின இரவு யூடியூபில் யாரோ ஓர் ஆசிரியர் மேட்ரிக்ஸைத் தமிழில், அதுவும் நல்ல மதுரைத் தமிழில், அடித்து நொறுக்கிச் சொல்லித் தருகிறார். அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாள். "சார் செமயா எடுக்கிறாருப்பா, தமிழ்ல சொன்னாத்தான் மண்டைல ஏறுது" என்றாள். நான் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

முதல் பருவத்திலேயே அவர்களுக்குத் 'தமிழர் மரபு' என்று ஒரு பாடமும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2022இல் சேர்த்தது; அடுத்த பருவத்தில் 'தமிழரும் தொழில்நுட்பமும்'. தலைக்கு ஒரு கிரெடிட்தான். ஒரு நாள் இரவு கூப்பிட்டு, "அப்பா, டெரகோட்டா குதிரை, கிராம தேவதை இதெல்லாம் சிலபஸ்ல இருக்கு. எங்கேயாவது நேர்ல பாக்க முடியுமா?" என்று கேட்டாள். ஊரில் அய்யனார் கோயில் குதிரையின் காலடியில் உட்காரவைத்துத்தான் இவளுக்குக் காது குத்தினோம். அன்று அவள் அழுத அழுகையைச் சொன்னேன். "அதெல்லாம் எழுதினா மார்க் வராதுப்பா" என்று வைத்துவிட்டாள்.

பழகுவதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை. முதல் வாரம் சாம்பாரைத் திட்டினாள், இரண்டாம் வாரம் சாம்பாரைப் பற்றிப் பேச்சே இல்லை, மூன்றாம் வாரம் விடுதி கேட்டுக்குப் பிரியாணி வர ஆரம்பித்துவிட்டது. பழகாதவர்கள் நாங்கள்தான். துறைவாரியாகப் பெற்றோருக்கு ஒரு குழு உண்டு. அவள் வகுப்புக்குப் போகாவிட்டால் பத்து மணிக்குள் எனக்குக் குறுஞ்செய்தி. வெளியே போக அவுட்பாஸ் போட்டால் என் போனுக்கு ஓ.டி.பி. எங்கள் அலுவலகத்தில் நடந்துகொண்டிருந்த ஆய்வுக் கூட்டத்தின் நடுவே எழுந்துபோய், அவள் ஷாம்பு வாங்கப் போவதற்கு அனுமதி கொடுத்திருக்கிறேன். குழுவில் ஒரு தகப்பனார் பைத்தான் பயிற்சிக்கு விடை கேட்கிறார். ஓர் அம்மா போட்டுத் தருகிறார். இன்னொருவர் இரண்டாவது வரியில் இன்டென்டேஷன் தவறு என்கிறார். பிள்ளைகளுக்குத் தனிக் குழு இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

என்னுடைய முதல் தேர்வு மதிப்பெண் கல்லூரியிலிருந்து அச்சடித்த அட்டையில் ஊருக்குப் போயிற்று. கணக்கில் நூற்றுக்குப் பதினெட்டு. அப்பா அதைத் தபாலாபீஸில் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். போஸ்ட் மாஸ்டர் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பையன் எல்லாப் பரீட்சையும் எழுதியிருக்கான்" என்று வாசித்திருக்கிறார். அந்த மாத மணியார்டர் கூப்பனில், "மார்க் வந்தது. சந்தோஷம். உடம்பைப் பார்த்துக்கொள்" என்று போஸ்ட் மாஸ்டர் கையெழுத்திலேயே இருந்தது. எவ்வளவு யோசித்தும் அது பாராட்டா கண்டிப்பா என்று எனக்கு விளங்கவில்லை. பயத்திலேயே அடுத்த தேர்வில் தேறினேன்.

மகளின் முதல் யூனிட் டெஸ்ட் மதிப்பெண் ஒரு மாலை குழுவில் வந்தது; வகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே எக்செல் தாள். என் மகளின் வரியைத் தேடி நான் கண்ணாடி போடுவதற்குள், தர்மபுரி அம்மா ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டார்: 'கவலைப்படாதீங்க சார், முதல் டெஸ்ட்தானே.' அடுத்து இரண்டு பேர். எதற்கு என்று தெரியாமலேயே நன்றி சொல்லி முடித்து, ஆறுதல் வார்த்தைகளை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே சிரிப்பும் பாட்டும்.

"பாப்பா, மார்க்கைப் பத்தி ஒண்ணும் நினைக்காத..."

"மார்க்கா? எங்களுக்கு இன்னும் பேப்பரே தரலியேப்பா. எவ்வளவு?"

சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"பாஸ்தான? அப்புறம் ஏம்ப்பா ஒரு மாதிரியா பேசுறீங்க? அம்மா பக்கத்துல இருக்காங்களா? சாப்பிட்டீங்களா?"