எலுமிச்சை இரண்டு, சாத்துக்குடி ஒன்று

நங்கநல்லூரோ மடிப்பாக்கமோ, முப்பது வீடு உள்ள எந்த ஃபிளாட்டிலும் ஒரு பூனைத் தாத்தா இருப்பார். ஆசைப்பட்டுப் பூனை வளர்த்தவர் அல்ல. மகள் அமெரிக்கா கிளம்பும்போது, "ஆறே மாசம்ப்பா, வந்து கூட்டிண்டு போயிடறேன்" என்று ஒரு கூடையை ஹாலில் வைத்துவிட்டுப் போனாள். அது 7 வருஷத்துக்கு முன்னால். பூனைக்கு இப்போது 14 வயது. மகளுக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை. பூனைக்குப் பல் விழ ஆரம்பித்துவிட்டது.

எங்கள் பிளாக் தாத்தா வங்கியில் ஆடிட் பார்த்து ரிட்டயர் ஆனவர். சுத்த சைவம். நாற்பது வருஷம் மாமி போட்டதைச் சாப்பிட்டாரே தவிர, சாம்பாரில் என்ன காய் கிடக்கிறது என்று குனிந்து பார்த்ததில்லை. அவர்தான் இப்போது கடையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பூனைத் தீனிப் பாக்கெட்டை மூன்று அங்குலத்தில் பிடித்துப் பொடி எழுத்து வாசிக்கிறார்.

"தம்பி, இதுல பாஸ்பரஸ் எவ்வளவு?"

பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பூனை நல்லா சாப்பிடும் சார்."

"நான் பாஸ்பரஸ் கேட்டேன்."

"சிக்கன் இருக்கு, டூனா இருக்கு சார்."

தாத்தா கேட்டதில் தப்பில்லை. வயசான பூனைக்குப் பெரும்பாலும் மக்கர் பண்ணுவது கிட்னி. அது தளர்ந்தால் பாஸ்பரஸைக் குறைக்கச் சொல்வார்கள். தண்ணீரும் நிறைய உள்ளே போகவேண்டும். பூனையோ பாலைவனத்துப் பரம்பரை, தானாகப் போய்க் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்காது. மொறுமொறு தீனியில் ஈரம் பத்து சதவீதம்தான். பவுச்சில் வருகிற குழைவான தீனியில் எண்பது வரை. ஆகவே பவுச். அதையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் ஆகாது, கிழ மூக்குக்கு வாசனை எட்டாது. வெந்நீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டு, புறங்கையில் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்ப்பார். "பெத்த பொண்ணுக்குப் பால் புட்டியில இப்படிப் பார்த்திருப்பாரா?" என்பாள் மாமி. கொட்டும்போது மட்டும் மூக்கைத் துண்டால் கட்டிக்கொள்வார். அவர் சைவம் இப்போது அந்தத் துண்டில்தான் இருக்கிறது.

பூனை வரும். முகரும். தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டி, இல்லாத மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போகும். "புதைச்சுட்டாளா?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். தாத்தா முகம் வாடிவிடும். புது பிராண்டுக்குப் பத்து நாளில் படிப்படியாக மாற்றவேண்டும் என்று ஷெட்யூல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். மாமியின் பிரஷர் மாத்திரைச் சீட்டு எங்கே என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது.

"கொஞ்சம் பால் ஊத்தலாமே சார்" என்று நான் ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும் என்று அரைமணி நேரம் வகுப்பு. "தெனாலிராமன் பூனை ஒண்ணுதான் சார் புத்திசாலி!"

பூனை வெளிக்குப் போகிற மணலின் கதை தனி. முதலில் பக்கத்து மனையில் கொட்டியிருந்த எம்-சாண்டை வாரி வந்தார். இலவசம், ஆடிட் மனசு. சோற்றில்கூட நரநரவென்றது. அப்புறம் லாவெண்டர் வாசனை போட்ட மணல். பூனை அதை ஒருமுறை மோந்துவிட்டு நேரே போய் மாமியின் கோலமாவு வாளியில் காரியத்தை முடித்தது. மறுநாள் வாசலில் கோலம் இல்லை. மரக்குச்சித் துண்டுகள் போட்டதில், மூட்டு வலிக்காரி ஜல்லியில் நடப்பதுபோல் நடந்தாள். கடைசியில் நைசான, வாசனை இல்லாத பெண்டோனைட் களிமண்தான் பிடித்தது. மெட்ரோ வேலையில் பைல் போடும்போது குழியில் கரைத்து ஊற்றுவார்களே, அதே சரக்கு. "1947 சார்! நமக்குச் சுதந்திரம். அங்கே அமெரிக்காவுல எட்வர்ட் லோன்னு ஒருத்தர் பக்கத்து வீட்டு அம்மாவோட பூனைக்குக் களிமண் கொடுத்தார். வியாபாரம் அப்படித்தான் ஆரம்பிச்சது" என்பார். ஈரம் பட்டால் கட்டியாக இறுகும் என்பதும் அவருக்குத் தெரியும். இருந்தும் ஒருநாள் அவசரத்தில் கழிப்பறையில் கொட்டிவிட்டார். கீழே இரண்டு மாடிக்கு அடைப்பு. அசோசியேஷன் மீட்டிங்கில் அன்று வேறு பேச்சே இல்லை.

மணல் தட்டின் விளிம்பு ஏழு அங்குலம். ஏறக் கஷ்டப்பட்டாள் என்று ஹாக்ஸா பிளேடால் முன்பக்கத்தை இரண்டரை அங்குலத்துக்கு அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். காலையில் அள்ளுவதும் அவர்தான். அள்ளிவிட்டு நோட்டில் எழுதுவார்: "காலை 6.10. எலுமிச்சை 2, சாத்துக்குடி 1." கட்டியின் அளவு அது.

நான் சிரித்தேன். வேப்பேரி கால்நடை டாக்டர் சிரிக்கவில்லை. போன மார்கழியில் சாத்துக்குடிகள் கூடிக்கொண்டே போனதைப் பார்த்துத்தான் ரத்தம் எடுத்து, கிட்னிக் கோளாறைக் கண்டுபிடித்தார்.

நோட்டில் இன்னும் ஆறு பக்கம்தான் பாக்கி. பிள்ளைகள் பாதி எழுதிப் போட்ட நோட்டு உங்கள் வீட்டில் இருந்தால் பி பிளாக் மூன்றாம் நம்பருக்குக் கொடுத்தனுப்புங்கள். கோடு போட்டதாக இருக்கட்டும். கோடு போடாததில் அவருக்குக் கணக்கு வராது.